தூக்கப்பட்டதாகக் கருதப்படும் கல்

"அப்ப ஒங்க சாமியால முடியலன்னு வாய்விட்டுச் சொல்லிடுங்க. நான் வெத்தலபாக்குத் தட்டை எடுத்துக்கினு பஸ் ஏறிடறேன்," என்றாள் தேவசேனா.

"முடியலன்னு மட்டும் சொல்லாதம்மா. வேற எது வேணா சொல்லு," என்றார் சின்னசாமி. முனீஸ்வரன் அருள் வந்து ஆடுவது அவர்மேல்தான். அருள் இறங்கிவிட்டது, வேப்பிலை மட்டும் இன்னும் கையில் இருந்தது. "சாமிக்கு இஷ்டமில்ல. அத்தோட நிறுத்திக்க."

"இன்னாத்துக்கு இஷ்டமில்ல? என் புள்ளைக்குப் பொண்ணு குடுக்கவா, இல்ல குனிஞ்சி கல்லைத் தூக்கவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்பிடி ஒண்ணாவும்? போன ஆடியிலேர்ந்து இந்த ஊர்ல ஒரு பொண்ணுக்கும் கல்லு ஏறல. அத்தினி மாப்பிள்ளையும் சாமிக்குப் புடிக்காமப் போய்ட்டாங்களா? நான் நகரியிலேர்ந்து பட்டுப்பொடவ கட்டிக்கினு வந்து நிக்கறேன், ஒங்க சாமி கால்மேல கால் போட்டுக்கினு ஒக்காந்துகீது."

இந்த இரண்டு பேருக்கும் நடுவில், கல்லுக்குப் பக்கத்தில், முனுசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் பெண்ணின் அப்பா. வேர்க்கடலை மூட்டையை முதுகில் ஏற்றிப் பழகிய மனிதர். சற்றுமுன் அந்தக் கல்லைக் கட்டிப்பிடித்துத் தம் பிடித்ததில், கல் இருந்த இடத்திலேயே இருந்தது. இடுப்பு மட்டும் இடம் மாறிவிட்டது.

விஜயபுரம் பக்கத்தில் அந்த ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முனீஸ்வரன் உத்தரவு கொடுக்காமல் அங்கே கல்யாணத் தேதி வைக்க மாட்டார்கள். பெண்ணின் அப்பா குளித்து ஈர வேட்டியோடு கோயில் கல் முன்னால் நிற்பார். மாப்பிள்ளையின் அம்மா எதிரே நின்று பார்ப்பாள். சின்னசாமி ஆடி முடித்து நெற்றியில் விபூதி அப்பியதும் கல்லை மார்வரைக்கும் தூக்க வேண்டும். தூக்குவது அப்பன் இல்லை, முனீஸ்வரன். அப்பன் கையை இரவல் கொடுக்கிறான், அவ்வளவுதான். கல் ஏறினால் சாமி சரி என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். யார் கை பட்டிருக்கும்போது கல் ஏறியதோ அவர்கள் வீட்டில் வருஷத்துக்குள் மேளம் கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் சாமி சும்மா விடாது.

பழைய கல் பூசணிக்காய் அளவுதான். தலைகால் தெரியாமல் குடித்துவிட்டு வந்த அப்பன்மார்கூட அதைத் தூக்கியிருக்கிறார்கள். முனீஸ்வரன் யாருக்கும் மறுப்பு சொன்னதாக ஊரில் பேச்சே இல்லை. ஆனால் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் சாமிக்குத் தென்னைமர உயரத்தில் சிலை வைத்ததிலிருந்து இந்த ஊருக்குத் தூக்கம் போயிற்று. போன ஆடித் திருவிழாவில் சின்னசாமிமேல் இறங்கிய முனீஸ்வரன், "இந்தக் கல்லு எனக்குப் பத்தாதுடா, பெரிசா கொண்டாங்கடா" என்று கேட்டார். கேட்டது முனீஸ்வரன்தான் என்று சின்னசாமி இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். சித்தூர்ப் பக்கத்துக் கல்குவாரி முதலாளி ஒருவர் கருங்கல்லை உருண்டையாகக் கடைந்து, பளபளவென்று தேய்த்து, உபயம் என்று தன் பேரையும் வெட்டி லாரியில் அனுப்பினார். ஜேசிபி வந்து இறக்கியது. அந்தக் கல்லைக் கடைசியாகத் தூக்கியவர் ஜேசிபி டிரைவர்தான். அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது.

பழைய கல்லைக் கோயில் குழாயடியில் போட்டுவிட்டார்கள். பெண்கள் அதன்மேல் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள்.

"ஆனி முடியறதுக்குள்ள கல்லு ஏறணும்," என்றாள் தேவசேனா, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு. "இல்லன்னா புத்தூர்ல என் நாத்தனார் பொண்ணு கீது. அங்க கல்லும் கெடையாது, மண்ணும் கெடையாது."

முனுசாமி தரையில் கையூன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. மகள் பிரமிளா திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். தேவசேனாவின் மகன் யோகேஷ் ஸ்ரீசிட்டியில் செல்போன் கம்பெனியில் இருக்கிறான். பஸ்ஸில் பார்த்து, பேசி, சிரித்து, எல்லாம் முடிந்துபோன விஷயம். பெரியவர்கள் மட்டும்தான் இப்போது புதிதாகப் பெண் பார்த்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சிக்கறோம் நைனா' என்று பிரமிளா சொல்லிப் பார்த்துவிட்டாள். யோகேஷ்தான் தயங்கினான். நல்ல பையன், அம்மா பேச்சைத் தட்டமாட்டான். தட்டலாம் என்பதே அவனுக்குத் தெரியாது.

இந்தக் கலக்கத்தில்தான் முனுசாமி அதைச் சொன்னார். உரக்கச் சொன்னார்.

"சாமிதான் கேட்டுது, சாமிதான் வாங்கிச்சி, இப்ப சாமியாலயே தூக்க முடியல. நடுவுல என் இடுப்பு இன்னா பாவம் பண்ணிச்சி?"

கூட்டத்தில் யாரோ அதை செல்போனில் பிடித்துவிட்டார்கள். சாயந்தரத்துக்குள் நகரி, புத்தூர் எல்லாம் பார்த்துச் சிரித்தாயிற்று. அந்த வாரமே சித்தூரிலிருந்து முனுசாமிக்கு அழைப்பு வந்தது.

அழைத்தது தெய்வ வல்லமை காப்பு மண்டலி. கடவுளின் சக்தியை யாரும் குறைத்துப் பேசிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. மண்டலி வருவதற்கு முன்னால் இந்த வேலையைக் கடவுளே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகம் திருப்பதியில்; சித்தூர்க் கிளை, மாம்பழக் கூழ் வியாபாரி ஒருவரின் கிடங்குக்கு மேல்மாடியில். சீசன் என்பதால் படியேறும்போதே ஈ மொய்த்தது. தோத்தாபுரி மாம்பழ வாசனையில் முனுசாமிக்குப் பசியும் வந்தது, பயமும் வந்தது.

"ரண்டி முனுசாமிகாரு, கூச்சோண்டி," என்று நாற்காலியைக் காட்டினார் கிளைக் கண்காணிப்பாளர் வெங்கட். மரியாதையான மனிதர். "வீடியோல பேசினது நீங்கதானே?"

"நான்தாங்க. வலியில பேசிட்டேன்."

"பரவால்லண்டி. உங்களுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, அந்தக் கல்லை சாமி கேட்கவே இல்லைன்னு சொல்லலாம். அப்ப, ஒரு கல்லை வரவழைக்கக்கூட சாமியால முடியலன்னு ஆகும். கேஸ். ரெண்டு, கல்லு சாமியோடதுதான், தூக்கத்தான் முடியலங்கலாம். அதுவும் கேஸ். மூணாவது, சாமி கரெக்ட், கல்லு கரெக்ட், உங்க கைதான் ரிப்பேர். டாக்டர் சர்டிபிகேட் கொண்டாந்தா ஃபைல் க்ளோஸ்."

"கை ரிப்பேருன்னு எழுதிக் குடுத்துட்டா என் பொண்ணு கல்யாணம்?"

"கல்யாணம் மன டிபார்ட்மெண்ட் காதண்டி. எங்க டிபார்ட்மெண்ட் இல்ல."

"அப்ப பழைய கல்லையே வச்சித் தூக்கிக்கறோங்க. அது யாருக்கும் ஏறும்."

வெங்கட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வேணாம்னு சாமி சொன்ன கல்லுதானே அது? மறுபடி அதுதான் வேணும்னா, முதல்ல தெரியாம சொல்லிடுச்சின்னு ஆகும். தெரியறது தெரியாம இருக்கறதெல்லாம் சர்வ ஞானம் செக்ஷன். நாங்க சர்வ வல்லமை மட்டும்தான் பார்க்கறோம். சர்வ ஞானத்துக்கு இன்னும் போஸ்ட் சாங்ஷன் ஆகலை."

முனுசாமி டாக்டரிடம் போனார். டாக்டர் கையை மடக்கினார், நீட்டினார், தோளை அமுக்கினார். "அருமையான கை. இடுப்புக்குக் கொஞ்சம் எண்ணெய் தேய்ச்சா போதும்," என்றார். சின்னதாக ஏதாவது ஒரு குறை எழுதும்படி முனுசாமி கெஞ்சினார். டாக்டர் நேர்மையானவர். "வேணும்னா கண்ணாடி எழுதித் தரேன். பார்வை லேசா மங்கல்தான்," என்றார்.

மூன்றாவது வழியும் அடைபட்டதால் ஃபைல் திருப்பதிக்குப் போயிற்று. ஃபைலுக்குப் பின்னாலேயே முனுசாமியும் போனார். மொட்டை போட்டு சந்தனம் பூசிய தலைகளுக்கு நடுவே பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மண்டலி அலுவலகம் எங்கே என்று கேட்டால் ஆளாளுக்கு மலையைக் கை காட்டினார்கள். அவ்வளவு உயரத்தில் இல்லை. ஒரு லாட்ஜுக்குப் பின்னால் இருந்தது.

மண்டலித் தலைவர் பாலசுப்பிரமணியன் கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகாதவர். ஏன் ஆகவில்லை என்பதற்குத் திருப்பதியில் பல காரணங்கள் சொல்கிறார்கள். பார்த்த ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு ஆட்சேபணை எழுப்பினார், பெண்வீட்டார் பதில் சொல்ல நேரம் கேட்டுவிட்டுத் திரும்பி வரவே இல்லை என்பது அவற்றில் நம்பும்படியாக இருக்கிறது.

"கடவுளுக்கு எல்லை உண்டா? இல்லை," என்று அவர் விசாரணையைத் தொடங்கினார். தட்டச்சு செய்கிற செல்லியம்மாவின் விரல்கள் ஓடின. "எல்லை இல்லாததை யாராவது சுற்றி வேலி போட்டுப் பாதுகாக்க வேண்டாமா? அதற்குத்தான் மண்டலி. மண்டலியின் அனுமதி இல்லாமல் கடவுளால் எதுவும் செய்ய முடியாது என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அனுமதி பெற்றுச் செய்தால் பின்னால் அவருக்குத் தொந்தரவு இருக்காது என்றுதான் சொல்கிறோம். சென்ற ஆண்டு ஏர்பேடு பக்கம் மழை பெய்வித்தார். யாரைக் கேட்டுப் பெய்வித்தார்? ஆனாலும் நாங்கள் பெருந்தன்மையாகப் பின்தேதியிட்டு ஒப்புதல் வழங்கினோம்."

முனுசாமி கும்பிட்டார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இப்போது உங்களுக்கு ஒரே கேள்வி. எல்லாம் வல்ல இறைவனால், தானே தூக்க முடியாத ஒரு கல்லை உண்டாக்க முடியுமா? அவசரப்படாமல் சொல்லுங்கள். முடியும் என்றால் தூக்க முடியாதவர் ஆகிவிடுகிறார். முடியாது என்றால் உண்டாக்க முடியாதவர் ஆகிவிடுகிறார். பெரிய பெரிய ஆட்கள் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்."

"உண்டாக்கிட்டாருங்களே," என்றார் முனுசாமி. "எங்க ஊர்ல கீது. வந்து பாருங்க."

செல்லியம்மாவின் விரல்கள் நின்றன. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருஷம் பாடம் நடத்தியதில் யாரும் அவரைக் கல்லைப் பார்க்க வரும்படி கூப்பிட்டதில்லை.

"நேரடி ஆய்வு," என்றார் கடைசியில்.

"கொஞ்சம் சீக்கிரம் வாங்கய்யா. ஆனி முடியப்போவுது."

"கடவுளுக்குக் காலம் என்பது கிடையாது."

"எனக்குக் கீதுங்க. எங்க சம்மந்தியம்மாவுக்கும் கீது."

ஆய்வு நாளன்று கோயில் முன்னால் பந்தல் போட்டார்கள். தலைவருக்கு மாலை, வெங்கட்டுக்குச் சின்ன மாலை. நகரியிலிருந்து தேவசேனாவும் வந்திருந்தாள். இவர்கள் கல்லுக்கடியில் ஜாக்கி கீக்கி வைத்து ஏமாற்றிவிடுவார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். தலைவர் கல்லைச் சுற்றி வந்தார், தட்டினார், காதை வைத்துக் கேட்டார். பிறகு போட்டோவுக்காக இரண்டு கையையும் கல்மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"சும்மா கை வச்சிக்கினு நின்னா ஏறுமா?" என்று தேவசேனா முன்னால் வந்தாள். எதிர்ப்பக்கம் நின்று தானும் இரண்டு கையை வைத்து அசைத்துப் பார்த்தாள். "பாருங்க, ஆடவே இல்ல."

"கீழே ஜாக்கி இல்லை என்பது உறுதியாயிற்றா அம்மா?" என்றார் தலைவர், கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"உறுதிதாங்க," என்றாள் தேவசேனா. அவள் இவ்வளவு மெதுவாக 'ங்க' போட்டு ஊர் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில் போட்டோ எடுத்தார்கள். வெயிலுக்கு இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கியிருந்தது, படத்தில் சிரித்ததுபோல் விழுந்தது.

ஆனி முடிவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆணை வந்தது. போட்டோவை மேலே ஒட்டியிருந்தார்கள். கோயில் முன்னால் ஊர் கூடியது. தேவசேனா தகவல் தெரிந்து, விஷயத்தை முடித்துக்கொண்டு புத்தூர் போகிற எண்ணத்தில் யோகேஷையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். பிரமிளா படித்தாள்:

"மண்டலித் தலைவர் அவர்கள் கல்லின்மீது கரம் வைத்திருந்த, மேற்கண்ட படத்தில் காணும் அதே வேளையில், எல்லாம் வல்ல இறைவன் அக்கல்லைத் தூக்கினார். அது யார் கண்ணுக்கும் தெரியாமல் போனது இறைவனின் அடக்கத்தைக் காட்டுகிறது. கல் அன்றுமுதல் தூக்கப்பட்டதாகக் கருதப்படும்."

வெங்கட் இரண்டு ஆட்களோடு வந்து கல்லைச் சுற்றிக் கயிறு கட்டி, தெலுங்கிலும் தமிழிலும் போர்டு நட்டார்: தூக்கப்பட்ட கல். அடியில் நிற்காதீர்.

"இனிமே நான் தூக்கிப் பாக்கலாங்களா?" என்று கேட்டார் முனுசாமி. இடுப்பு ஓரளவு தேறியிருந்தது.

"ஏற்கெனவே தூக்கின கல்லை எப்படித் தூக்குவீங்க? முதல்ல இறக்கணும். இறக்கறதுக்கு அர்ஜி போடுங்க."

முனுசாமி கல்லைப் பார்த்தார். கல் மண்ணில் அரைச்சாண் புதைந்து உட்கார்ந்திருந்தது. ஒரு கோழி அதன் நிழலில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அடியில் நிற்காதீர் என்று போர்டில் எழுதியிருப்பது அதற்குத் தெரியவில்லை.

"சரி," என்றாள் தேவசேனா. "சாமி தூக்கிடிச்சி, ரொம்ப சந்தோஷம். முனுசாமியண்ணன் கையால தூக்கலயே. ஆனியும் முடியப்போவுது. டேய் யோகேஷு, நட."

யோகேஷ் பிரமிளாவைப் பார்த்தான். பிரமிளா அப்பாவைப் பார்த்தாள். முனுசாமி கோழியைப் பார்த்தார். அவருக்கு வாய்க்குள் ஏதோ வந்து வந்து போயிற்று. போன தடவை வாய் திறந்ததில் பட்டது போதும் என்று முழுங்கிக்கொண்டார். மகள் முகத்தை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் முனுசாமியின் பெண்டாட்டி தாட்சாயணி ஆணையை மகள் கையிலிருந்து வாங்கினாள். எழுத்தை அவள் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தாள், கொஞ்சநேரம் பார்த்தாள்.

"அண்ணி," என்றாள், "இந்தாண்டப் பக்கம் கல்லுமேல கீற கை யாருது? கெம்புக்கல் மோதிரம் போட்டுக்கீது."

தேவசேனா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அது சும்மா. ஆடுதான்னு பாக்க வச்சேன்."

"நீங்க சும்மாதான் வச்சீங்க. சாமி தூக்கிடிச்சில்ல? மேற்கண்ட படத்தில் காணும் அதே வேளையிலன்னு போட்டுகீது."

ஊர் அந்தப் படத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தது. கல்லுக்கு ஒருபக்கம் கல்யாணம் ஆகாத தலைவர், மறுபக்கம் புருஷனை இழந்து பல வருஷமான தேவசேனா. இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. தலைவர் கழுத்தில் மாலை வேறு.

இத்தனை நாள் ஊரார் ஏச்சுக்கு ஒதுங்கித் திரிந்த சின்னசாமிக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து அருள் வந்தது. "கை வச்ச வூட்ல மேளம் கொட்டணும்டா," என்று ஆடினார். "ரெண்டு வூட்லயும் கொட்டணும்டா."

குழாயடியிலிருந்து ஒரு பெண்குரல், "பத்திரிக எப்ப அடிக்கறீங்க அத்தே?" என்று மிகவும் அன்பாகக் கேட்டது.

தேவசேனா வாயடைத்து நின்றதை ஊர் முதல்முறையாகப் பார்த்தது. அதிகநேரம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

"ஏன், என் வூட்ல மேளம் கொட்டணும், அவ்ளோதான?" என்றாள் அவள். "என் புள்ள கல்யாணம் என் வூட்டுக் கல்யாணம் இல்லயா? தாட்சாயணி, ஐயருக்குப் போன் போடு. ஆடி பொறக்கறதுக்கு முன்ன முகூர்த்தம் எதுனா கீதான்னு கேளு. விடியக்காலைன்னாலும் பரவால்ல. டேய், இன்னாடா பல்லைக் காட்டற, வந்து மாமனார் கால்ல வுழு."

யோகேஷ் விழுந்தான். முனுசாமியால் குனிந்து தூக்க முடியவில்லை. பிரமிளாதான் கைகொடுத்து எழுப்பினாள்.

ஆடிக்கு முந்தின நாள் கல்யாணம் நடந்தது. சாப்பாடு பரவாயில்லை, வடையில் மட்டும் உப்பு கம்மி. அது முடிந்த கையோடு ஊர்க்காரர்கள் தாம்பாளம், வெற்றிலை பாக்கோடு வேன் பிடித்துத் திருப்பதிக்குப் போனார்கள். ஒரு வீட்டில்தான் மேளம் கொட்டியிருக்கிறது, இன்னொரு வீடு பாக்கி.

"ஆணையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது," என்றார் பாலசுப்பிரமணியன். "தூக்கினார் என்பது ஒரு தத்துவார்த்தமான—"

பக்கத்தில் நின்ற வெங்கட் தொண்டையைக் கனைத்தார். சட்டம் என்றால் அவருக்கு ஆள் பேதம் கிடையாது. "சார், க்ஷமிஞ்சண்டி, மன்னிக்கணும். மூணு வழிதான் இருக்கு. சாமி தூக்கினாருன்னா உங்க வீட்டுல கல்யாணம். தூக்கலைன்னா, சாமியால முடியலன்னு நீங்களே சொன்னதாகும், உங்க மேல கேஸ். இல்லாட்டி சாமி கரெக்ட், கல்லு கரெக்ட், படத்துல இருக்கற உங்க கைதான் ரிப்பேர்."

தலைவர் கொஞ்சநேரம் யோசித்தார். கடவுளைப் பற்றி இவ்வளவு நேரம் யோசித்தவரில்லை. பிறகு செல்லியம்மாவைப் பார்த்து, தெரிந்த டாக்டர் யாராவது உண்டா என்று கேட்டார்.

சர்டிபிகேட் உடனே கிடைத்தது. இரண்டு கையும் செயலற்றவை என்று வந்ததால் அதன்பிறகு அவர் எதிலும் கையெழுத்துப் போட முடியவில்லை. பதவியை விட்டுவிட்டு பெங்களூரில் தம்பி மகன் வீட்டோடு போய்விட்டார். அங்கே தினம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகக் கேள்வி. வெங்கட்டுக்குத் திருப்பதிக்கு மாற்றல். தலைவர் நாற்காலியை இப்போது அவர்தான் கவனித்துக்கொள்கிறார். செல்லியம்மா மண்டலியை விட்டு மாம்பழக் கூழ் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். தேவசேனா நகரி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஸ்ரீசிட்டிக்குப் பக்கத்தில் சத்தியவேட்டில் மகனோடு இருக்கிறாள். அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டதாகத்தான் சொல்கிறாள். பீரோவில் பார்த்ததாகப் பிரமிளா சொல்கிறாள்.

கல்லை இறக்கக் கேட்டுப் போட்ட அர்ஜி நிலுவையில் இருக்கிறது. சின்னசாமி கயிற்றுக்கு வெளியே நின்றுதான் விபூதி கொடுக்கிறார்.

பிரமிளா சத்தியவேட்டுக்குக் குடித்தனம் போனபோது சீர்ச் சாமான்களோடு குழாயடியில் கிடந்த பழைய கல்லையும் தாட்சாயணி வண்டியில் ஏற்றிவிட்டாள். முனுசாமிதான் தூக்கி வைத்தார், சுலபமாக வந்தது. காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க வாசலில் போட்டிருக்கிறார்கள். இப்போது பெண்ணைப் பெற்ற ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில், ஸ்ரீசிட்டியில் வேலை விஷயமாக என்று சொல்லிக்கொண்டு, ஈர வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பஸ் ஏறுகிறார்கள். கல் யாருக்கும் மறுப்பதில்லை. முனீஸ்வரனும் குடிபெயர்ந்து அங்கேயே போய்விட்டார் என்று பேச்சு. அதற்கு அவர் அனுமதி வாங்கினாரா என்று மண்டலி இதுவரைக்கும் கேட்கவில்லை.